ஐரோலிக் கரையில் தூண்டில்

நவி மும்பையின் ஐரோலியில் குடியிருப்பவர் ரயில் ஏறாமலே தண்ணீரைப் பார்த்துவிடலாம். ஊருக்கு மேற்கே தானே கழி, அக்கரையில் முலுண்டு. கிழக்கே பார்சிக் குன்றுகள். மழை தொடங்கினால் அவற்றின் சரிவெல்லாம் ஓடைதான். நடுவில் தானே–பேலாப்பூர் சாலை, தொழிற்பேட்டை, நகர வளர்ச்சிக் கழகமான சிட்கோ உருவாக்கிய குடியிருப்புகள். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இந்தப் பக்கம் வீடு பார்த்து வந்த நம்மவர்களில், சிறுவயதில் ஊர்க் குளத்தில் தூண்டில் போட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் இங்கே தடுமாறுவது ஒரே விஷயத்தில். நெல்லைச் சீமைக் குளத்தில் தண்ணீர் நிற்கும், மீன் அலையும். இங்கே தண்ணீரே ஓயாமல் வந்து போகிறது. காலையில் வெறும் சேறாகக் கிடந்த இடத்தில் மதியம் படகு மிதக்கும்.

அதனால் இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பக்கத்துக் கழியில் நீரேற்றத்தைப் படியுங்கள். சட்டிக்கு வேண்டிய மீனைக் கடற்கரை ஊரான உரணில் பிடியுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒன்று வெறுங்கையோடு திரும்புகிறார்கள், அல்லது சாப்பிடக் கூடாததைச் சாப்பிடுகிறார்கள்.

காலண்டரில் திதி பாருங்கள்

மும்பைக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்தை மராத்தியில் ‘பர்த்தி’ என்பார்கள், வற்றத்தை ‘ஓஹோட்டி’. இந்த இரண்டு சொல்லும் தெரிந்திருந்தால் கரையில் யாரிடமும் பேசலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. மழைக்காலத்தில் சில நாட்கள் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும். அன்றைக்குத்தான் மாநகராட்சி கடற்கரைக்குப் போகாதீர்கள் என்று எச்சரிக்கும். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே சோம்பலாக இருக்கும்.

செல்போனில் அட்டவணை கிடைக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கோளி மீனவர்கள் தலைமுறைகளாகக் கைவசம் வைத்திருக்கும் கணக்கு அதைவிட மனதில் நிற்கும். அன்றைய திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் ஏற்றம் உச்சிக்கு வரும் மணி கிடைக்கும். அஷ்டமி என்றால் எட்டு முக்கால் ஆறு. காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தண்ணீர் நிறைந்திருக்கும். ஏகாதசிக்கு 8.15. சதுர்த்தசிக்கு 10.30. பிரதமைக்கு முக்கால், அதாவது 12.45. வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் இதே கணக்குதான். அரைமணி, முக்கால் மணி முன்பின் ஆகலாம். தவிர, அட்டவணையில் இருப்பது மும்பைத் துறைமுகத்து நேரம். ஐரோலி கழியின் உள்ளே தள்ளி இருப்பதால் இங்கே தண்ணீர் சற்றுப் பிந்தித்தான் நிறையும். நம் வீடுகளில் தொங்கும் நாள்காட்டியில் திதி இருக்கிறது, மராத்திக்காரர் வீட்டுக் கால்நிர்ணயிலும் இருக்கிறது. வேறு கருவி வேண்டாம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யோசித்தால் ஒன்று பிடிபடும். பௌர்ணமி ஞாயிறு என்று ஆசையாக விடியற்காலையில் கரைக்குப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான் இருக்கும்; பெருநீர் நாட்களில் இந்தக் கரையில் விடியலும் அந்தியும் வற்றமே. ஞாயிறு காலைக்கு ஏற்றது ஏகாதசி முதல் சதுர்த்தசி வரை. அன்று ஆறு, ஆறரை மணிக்கே தண்ணீர் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும், எட்டுக்கும் பத்தரைக்கும் இடையே உச்சிக்கு வரும், வெயில் உறைப்பதற்குள் வீடு திரும்பலாம். வேலை முடிந்து மாலையில் வருபவர்களுக்குச் சப்தமி, அஷ்டமி, நவமி. ஐரோலிப் பக்கம் கழி ஆழமில்லாதது. ஏற்றத்துக்கு முன் இரண்டு மணி நேரம், பின் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் தூண்டிலுக்கு நேரம். தண்ணீர் உச்சியில் அசையாமல் நிற்கும் சிறிது நேரத்தில் மீனும் சும்மா இருக்கும். அப்போது டீ குடிக்கலாம்.

திவா கோளிவாடா

ஐரோலி நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் ‘திவா காவ்’ என்று சொல்லுங்கள். வெறும் திவா என்றால் மத்திய ரயில்வேயின் திவா ஜங்ஷனோடு குழம்பும். அது மும்ப்ராவுக்கு அப்பால் இருக்கிற வேறு ஊர். இந்தத் திவா, நகரம் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் ஆக்ரி–கோளி மக்களின் ஊர். நவி மும்பைக்காக 95 கிராமங்களின் நிலத்தை எடுத்தபோது கழி மட்டும் இவர்கள் கையில் மிஞ்சியது. அதிலும் இழப்பு நிற்கவில்லை. தொழிற்பேட்டைக் கழிவு, மண் மேடு, பாலங்கள். தானே கழியில் மூன்றாவது வாஷி பாலம் கட்டத் தொடங்கியபோது மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நீதிமன்றம் போனது. வழக்கமாக மீன்பிடித்து வந்த இடத்தை இழப்பவர்களுக்கு இழப்பீடு உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது.

இதை ஒரு வழிகாட்டி நூலில் ஏன் சொல்கிறேன் என்றால், ராடும் ரீலுமாகப் படகுத்துறையில் போய் நிற்கும் நாம் அங்கே விருந்தாளிகள். முதல் நாள் தூண்டிலை விரிக்காதீர்கள். வலை காயவைத்துக்கொண்டோ கிழிசல் தைத்துக்கொண்டோ ஒரு பெரியவர் இருப்பார். ‘காகா, இத்தே கள் டாகூ கா?’ என்று கேளுங்கள்: இங்கே தூண்டில் போடட்டுமா என்று அர்த்தம். பெரும்பாலும் ஒரு இடத்தைக் கையால் காட்டுவார். அந்த இடத்தில்தான் மீன் இருக்கும், படகுக்கு இடைஞ்சலும் இராது. கட்டியிருக்கும் படகில் ஏறி நிற்பது, நங்கூரக் கயிற்றுக்கு மேலே நரம்பை வீசுவது, வலைக் கம்பு நட்டிருக்கும் ஓடையில் ஈயத்தைப் போடுவது, இவை மூன்றும் கூடவே கூடாது. இறால் அவர்களிடமே வாங்குங்கள். சந்தையில் ஐஸில் கிடந்ததைவிட மீன் இதைத்தான் விரும்பும், ஊரோடு உறவும் ஒட்டும்.

அடுத்தது எல்லை. ஐரோலிப் பாலத்துக்கும் வாஷி பாலத்துக்கும் இடையே கழியின் மேற்குப் பக்கத்துச் சதுப்புக் காட்டையும் நீர்ப்பரப்பையும் சேர்த்து 1,690 ஹெக்டேரை 2015 ஆகஸ்டில் தானே கழி பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலிலும் அது சேர்ந்தது. குளிர்காலம் முதல் மே மாதம் வரை ஒரு லட்சத்துக்கும் மேலான பூநாரைகள் இந்தச் சேற்றில் மேய்ந்த வருடங்கள் உண்டு. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் மீன்பிடிப்பதும் 1972-ம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எல்லைக்கோடு தண்ணீரில் எங்கே போகிறது என்று கரையில் நின்று பார்த்தால் தெரியாது. திவாவுக்குப் பக்கத்திலேயே வனத்துறையின் அலையாத்திப் பிரிவு நடத்தும் கடலோர, கடல்வாழ் உயிரினப் பன்மைய மையம் இருக்கிறது. பூநாரை பார்க்கப் படகு விடுவதும் அவர்கள்தான். உள்ளே போய் வரைபடத்தைக் காட்டச் சொல்லி, எதுவரை தூண்டில் போடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு வந்திருந்தால் அந்த மையத்தைப் பார்க்கவே ஒரு காலைப் பொழுதை ஒதுக்கலாம்.

அலையாத்தி மரங்களை வெட்டுவதும் கிளையொடித்துப் பாதை போடுவதும் குற்றம்தான். 2005-லேயே உயர் நீதிமன்றம் தடை போட்டது, 2018-ல் இறுதித் தீர்ப்பிலும் அதை உறுதி செய்தது. தூண்டில்காரனுக்கு இதில் சொந்த லாபமும் உண்டு. செப்பிலிக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் இறாலும் வளர்வது அந்த வேர்களுக்கு நடுவில்தான்.

என்ன கடிக்கும், என்ன போடுவது

கெளிறுதான் அதிகம், மராத்தியில் ‘சிங்காளா’. அடுத்தது மடவை, இங்கே ‘போய்’ என்பார்கள். ஓடை வாய்களில் ஜிலேபிக் கெண்டை. பாறை, தூண், பழைய கட்டைச் சுவர் இருக்கும் இடத்தில் எப்போதாவது செப்பிலி. எல்லாருக்கும் கனவு கொடுவா, மராத்தியில் ‘ஜிதாடா’. ராய்கட் மாவட்டத்தில் ஊர்க் குளங்களில் வளர்த்து, விருந்தாளி வந்தால் மட்டும் பிடிக்கிற மரியாதை அதற்கு உண்டு. வற்றத்தில் சேற்றின் மேல் துள்ளுவது உளுவை. அதை ‘நிவ்ட்டி’ என்று கையால் பிடித்துச் சமைக்கிறார்கள். தூண்டிலுக்கு அது வேலையில்லை.

ராடு எட்டடி போதும். தங்கூசி 0.35 அல்லது 0.40 எம்.எம். கடைசி ஒரு முழத்துக்கு அதைவிடத் தடித்த நரம்பைக் கட்டுங்கள். கல்லிலும் தூணிலும் ஒட்டியிருக்கும் சிப்பி, மெல்லிய தங்கூசியைத் தொட்டவுடன் அறுத்துவிடும். ஈயம் 40 முதல் 60 கிராம். ஊர்க் குளத்துப் பழக்கத்தில் சின்ன ஈயத்தைப் போட்டால் ஏறுகிற தண்ணீர் அதை உருட்டிக்கொண்டு போய் வேரில் மாட்டிவிடும். துளையுள்ள ஈயத்தில் நரம்பைக் கோத்து, கீழே சுழலியில் முடிந்து, அதற்குக் கீழே முள் என்று கட்டினால், மீன் இரையை இழுக்கும்போது பாரம் தெரியாது. கெளிற்றுக்கு நடுத்தர முள், இரை இறால் துண்டு.

மடவைக்கு எல்லாமே வேறு. அது சேற்றுப் பாசியையும் அழுகலையும் உறிஞ்சித் தின்னும் மீன். வாய் சின்னது, உதடு மெல்லியது. கூட்டம் கூட்டமாக மேலே வாயைத் திறந்துகொண்டு போகும், இறாலைத் திரும்பியும் பார்க்காது. தக்கை கட்டி, கிடைக்கிறதில் சிறிய முள்ளாகப் பார்த்து, பாவ் ரொட்டியின் உள்பகுதியைப் பிசைந்து பயறளவுக்குப் பொட்டு வையுங்கள். முதலில் கொஞ்சம் ரொட்டித்தூளை நீரில் தூவி, அது கலையும் இடத்திலேயே தக்கையை நிறுத்த வேண்டும். தக்கை முழுகுவதற்காகக் காத்திருக்கக் கூடாது. லேசாகச் சாய்ந்தாலே மணிக்கட்டால் சுண்ட வேண்டும். பலமாக இழுத்தால் உதடு கிழிந்து போய்விடும். கழியில் எனக்குப் பிடித்த மீன் இதுதான். கெளிறு யாருக்கும் கிடைக்கும். மடவையை ஏற்றத்தின் போக்கும் கை நிதானமும் தெரிந்தவர்தான் எடுக்க முடியும்.

கொடுவாவுக்கு உயிருள்ள இறாலை வால் பக்கம் கோத்து, தூண் நிழலை ஒட்டிப் போடுங்கள். வற்றம் தொடங்கி ஓடையிலிருந்து சின்ன மீன்கள் கழிக்கு இறங்கும் நேரம் அது வாயிலில் காத்திருக்கும். கிடைத்தது பெரிதாக இருந்தால் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். கொடுவா ஆணாக வளர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். பெரியவை அனேகமாகப் பெண்கள், லட்சக்கணக்கில் முட்டையிடுபவை. அடுத்த தலைமுறை மீன் அவற்றின் வயிற்றில் இருக்கிறது.

கெளிற்று முள்

கெளிற்றின் முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள், ரம்பம் போன்ற பல்லோடு, விஷத்தோடு. வெறுங்கையால் பிடிக்காதீர்கள், செருப்புக் காலால் மிதிக்காதீர்கள். முள் ரப்பரைத் துளைக்கும். தடித்த துணியால் தலைக்குப் பின்னால் அழுத்தி, மூக்குக் குறடால் தூண்டில் முள்ளைத் திருகி எடுங்கள். குத்திவிட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் காயத்தை முக்கி வையுங்கள். வலி பெரும்பாலும் அடங்கும். குத்தாத கையை முதலில் விட்டுச் சூடு பாருங்கள். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது. பக்கத்து டீக்கடையில் வெந்நீருக்குப் பஞ்சமில்லை. அதன்பின் மருத்துவரிடம் போய் டெட்டனஸ் ஊசி. முள் உள்ளே முறிந்திருந்தாலோ, மறுநாள் வீக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ கட்டாயம் போக வேண்டும். இந்தத் தண்ணீரில் சின்னக் காயமும் சீழ் பிடிக்கும். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. காலில் கீறல் இருந்தால் நீரில் இறங்காதீர்கள்.

சேற்றிலும் இறங்காதீர்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும் சேறு தொடை வரை உள்ளே வாங்கும். ஏற்றம் திரும்பும் நேரத்தில் அதில் மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து.

பிடித்ததைச் சமைக்கலாமா?

ஐரோலிக் கரையோரத்தில் பிடித்த கெளிற்றையும் ஜிலேபிக் கெண்டையையும் நண்டையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்ல மாட்டேன். கழியின் இரண்டு பக்கத்து நகரங்களின் சாக்கடையும், 1960-களிலிருந்து வளர்ந்த தானே–பேலாப்பூர் தொழிற்பேட்டையின் கழிவும் பல காலம் இந்தத் தண்ணீருக்கே வந்தன. கன உலோகங்கள் சேற்றில் தங்கும், சேற்றை மேய்கிற உயிரில் சேரும். ஓடை வாயில் நிற்கும் மீன் தின்பது அதைத்தான். இதனால் கோளிக்காரர் கூடையில் இருப்பதைப் பழிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் படகில் ஆழமான நீரோட்டத்துக்குப் போகிறார்கள், எந்த இடத்து மீன் நாறும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நாம் நிற்பதோ சாக்கடை வாய்க்குப் பக்கத்தில். ஈரக் கையால் பிடித்து, முள்ளை எடுத்து, திரும்ப விட்டுவிடுங்கள். முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கி வைத்திருந்தால் மீனுக்கும் நோகாது, நமக்கும் சுலபம்.

உரண்

சட்டி மீனுக்கு உரண். 2024 ஜனவரி 12-ம் தேதி ரயில் உரண் வரை நீண்டதிலிருந்து ஐரோலிக்காரருக்கு இது எளிதாகிவிட்டது. பன்வேல் அல்லது நேருல் வண்டியில் ஏறி நேருலில் மாற வேண்டும். உரண் வண்டிகளுக்கு இடைவெளி அதிகம். திரும்பும் நேரத்தையும் குறித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ரயிலில் நீள ராடு தொல்லை. மடக்கும் ராடோ இரண்டு துண்டு ராடோ வாங்குங்கள், முள்ளைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.

உரணில் இரண்டு இடம். ஒன்று பீர்வாடி. தர்காவை ஒட்டிய பாறைகளும் பக்கத்தில் மணலும் சேறும் கலந்த கரையும். மணலில் கிழங்கானும் கத்தாழையும், பாறைப் பக்கம் செப்பிலியும் கலவாயும் கிடைக்கும். பாறை வழுக்கும், வற்றத்தில் முன்னால் போய் நின்றவர்கள் பின்னால் தண்ணீர் சூழ்வதைக் கவனிப்பதில்லை. ஏற்றம் திரும்பியதும் நீங்களும் பின்வாங்குங்கள். இன்னொன்று கரஞ்சா. எதிரே ரேவஸ், நடுவே இருக்கும் கால்வாயில் நீரோட்டம் பலம். அங்கே 60 கிராம் ஈயமும் நிற்காது, 100 வேண்டும். குளிர்காலத்தில் காலா வரும். மும்பை ஓட்டல்களில் ‘ராவஸ்’ என்று நல்ல விலைக்குப் பரிமாறுவது அதைத்தான். படகுகள் மீன் இறக்கும் நேரத்தில் மேடையில் நிற்காதீர்கள், ஓரத்துக்குப் போய்விடுங்கள். உரண் சுற்றிலும் கடற்படை இடங்களும் எண்ணெய் எரிவாயு ஆலையும் இருக்கின்றன. வேலிப் பக்கம் படம் எடுக்காதீர்கள்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. கரையிலிருந்து போடும் தூண்டிலை அது கட்டுப்படுத்தாது என்றாலும் அந்த மாதங்களில் உரண் பாறைக்குப் போகாதீர்கள்; அலை ஆளைத் தூக்கிவிடும். நாரளி பௌர்ணமிக்குக் கோளிகள் கடலுக்குத் தேங்காய் விடுவார்கள். நமக்கு அது ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமி. அதற்குப் பிறகு கிளம்புவதுதான் சரி.

மழை மாதங்களில் நன்னீர்

அந்த இரண்டு மாதமும் ஏரிக்குத் திரும்பலாம். பாலம் தாண்டினால் பவாய். 1891-ல் குடிநீருக்காகக் கட்டி, தண்ணீர் குடிக்க லாயக்கில்லாமல் போன ஏரி. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் உண்டு. அங்கே தூண்டில் போட மகாராஷ்டிரத் தூண்டில்காரர் சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும், கரையில் அவர்கள் இடம் இருக்கிறது. ஏரியில் முதலைகள் உண்டு, ஆகவே விளிம்பில் குந்திக் கை கழுவாதீர்கள். கோதுமை மாவும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டைக்கு ரோகு நன்றாக வரும். ரபாலே, கன்சோலி போன்ற பழைய ஊர்களின் குளங்களில் குத்தகைதாரர் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே தூண்டிலை எடுங்கள். திகாவுக்கு மேலே இருக்கும் பழைய ரயில்வே அணைக்கு மட்டும் போகாதீர்கள். வழுக்கும் கரை, ஆழம் தெரியாத நீர்.

முதல் மழையில் ராய்கட், தானே வயல்களில் மீன் எதிர்நீரில் ஏறும், ‘வளகண்’ என்பார்கள். நம் ஊரில் புதுவெள்ளத்துக்கு ஏறுமீன் வருவது போலத்தான். கூட்டமாகப் போய்க் கூடையால் அள்ளுவது இங்கே திருவிழா. ஏறுவதெல்லாம் சினை மீன். அந்த முதல் வாரத்தில் தூண்டிலை உறையிலேயே வைத்திருங்கள், ஆடி பிறந்ததும் அதே வாய்க்காலுக்குப் போங்கள்.

நன்னீரில் பெரிய தட்டைத் தலையும் உடம்பில் பளிங்குக் கோலமுமாக ஒரு கெளுத்தி மாட்டினால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000-ல் மத்திய அரசு தடைசெய்த இனம்; நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். அதை மட்டும் தண்ணீருக்குத் திரும்ப விடாதீர்கள், உயிரோடு வேறு குளத்துக்கும் கொண்டுபோகாதீர்கள்.